நீக்கிலாப்பிள்ளையின் பிரேக்

வலன்ரைன் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லுகிற ஆள்தான். ஆனால் இது அவனுடைய மனைவி றோஸ்மேரியும் கூட இருந்து கண்டது. 2006 ஆவணி, சனிக்கிழமை. சாமம்கூட இல்லை... பட்டப்பகல்.

வலன்ரைன் செயின்ட்-மிஷேலில் கராஜ் மெக்கானிக். அதற்கு முந்தின வருச ஆவணியில், பூசை முடிந்த கையோடு, நீக்கிலாப்பிள்ளை தன் காரின் பிரேக்கைப் பார்க்கச் சொன்னார். கோயில் வாசலில் நின்றபடி வலன்ரைன் பெடலை ஒருதரம் அமத்தினான். அடியில் குனிந்து பார்க்கவில்லை.

"ஒண்டுமில்லை அண்ணை, ஓடுங்கோ."

அன்று பின்னேரமே பிரேக் பிடிக்காமல் மதிலில் மோதிச் செத்தார் மனிசன். அவர் வேகமாக ஓடினார் என்று கதை கட்டியவனும் இவனே. அவருடைய மனைவி அல்போன்சம்மா, கண்ணில் படவேண்டாமென்று அந்தக் காரை இவனிடமே கொடுத்தார். கூசாமல் வாங்கித் திருத்தினானே, என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவருக்கு ஆண்டு நினைவுத் திருப்பலி. போனால் அல்போன்சம்மாவின் முகத்தில் முழிக்க வேண்டும். அதனால் வீடுபோல் அமைந்த மோட்டார் ஹோமில் றோஸ்மேரியோடு ஊர்சுற்றக் கிளம்பினான். பின்னால் இரும்புச் சட்டத்தில் கொழுவி, நாலு சில்லும் றோட்டில் உருள, அதே கார்.

4:20. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரைக்கூடத் தாண்டவில்லை. கருகல் மணம்.

இறங்கிப் பார்த்தான். கியர் நியூட்ரலில். ஹாண்ட் பிரேக் கீழே. திறப்பு போட்டபடி, ஸ்டியரிங் பூட்டவில்லை. எல்லாம் சரி. ஆனால் நாலு சில்லும் கை வைக்க முடியாத சூடு. ஹாண்ட் பிரேக் என்றால் பின் சில்லு இரண்டும்தான் சுடும். நாலும் சுட்டால்... கால் பிரேக்.

கதவைத் திறந்தான்.

பெடல் தரையோடு அமர்ந்து கிடந்தது.

கையை அடியில் விட்டு இழுத்தான். அசையவில்லை. மேலே யாரோ மிதித்துக்கொண்டிருப்பது போல...

"அண்ணை... என்ர பிழைதான். நான் வடிவாப் பாக்கேல்லை."

டக். பெடல் மேலே வந்தது.

மோட்டார் ஹோமிலிருந்து றோஸ்மேரி கேட்டாள். "இஞ்சாருங்கோ, என்ன பிழை?"

பழகிய நாக்கு.

"ஒண்டுமில்லை."

டக்.

அடியிலிருந்து எடுக்காத கையின் மூன்று விரல்கள் பெடலுக்கும் தரைக்கும் நடுவில். 4:40. றோஸ்மேரி ஓடிவந்தும் எடுக்க முடியவில்லை. 5:00 மணிக்குத்தான், கோயிலில் திருப்பலி தொடங்கும் நேரம், தானாக விட்டது.

திங்கட்கிழமை கராஜ் முதலாளி நகுலேஸ்வரன் காரைத் தூக்கிப் பார்த்தார்.

"பிரேக் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லையடா. குழாய் துருப்பிடிச்சு அறுந்து கிடக்கு. எப்ப பூட்டினனி?"

"போன கிழமை... புதுசு."

எண்ணெய் இல்லாத பிரேக் நாலு சில்லையும் எப்படிப் பிடித்தது?

அன்றே, கட்டுப்போட்ட கையோடு அல்போன்சம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவர் அழவில்லை. அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"உமக்குத் தெரியாது, தம்பி. அவரைக் காருக்குள்ளால எடுக்கேக்க, வலது கால் மட்டும் வரேல்லையாம். மூண்டு பேர் இழுத்தவையாம். பிரேக்கை மிதிச்சபடியே இருந்ததாம்."

வலன்ரைனின் அந்த மூன்று விரல்களும் இன்றுவரை நிமிரவில்லை.