ஒன்பதாம் இலக்கத்தின் குடும்பப் பெயர்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் தொலைபேசி அடித்தால், எடுக்கிறவர் முதலில் தன் குடும்பப் பெயரைத்தான் சொல்வார். அது இந்த நாட்டு மரியாதை. ரஞ்சினி மட்டும் முப்பத்தொரு வருடமாக "ஹலோ" என்றே எடுக்கிறாள். அவளுடைய குடும்பப் பெயர் முருகேசு. அதாவது, அவளுடைய கணவரின் பெயர். கட்டின புருஷனின் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று கலியாணத்துக்கு முன்பே அவள் காதில் போட்டுவிட்டார்கள். அப்படியான பெயரையே ஜெர்மன்காரன் அவளுடைய அடையாள அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டான்.

வேறு பெண்ணாயிருந்தால் இதில் நாலு நாள் குழம்பிவிட்டுச் சொல்லப் பழகியிருப்பாள். ரஞ்சினி பழகவில்லை. அலுவலகங்களில் பெயர் கேட்டால் அட்டையை நீட்டுவாள். தொலைபேசியில் கேட்டால், "எம், ஊ, எர், ஊ" என்று தொடங்கி எட்டு எழுத்தையும் ஒன்றொன்றாகச் சொல்லி முடிப்பாள். எழுத்தெழுத்தாகச் சொன்னால் பெயர் சொன்ன கணக்கில் வராது என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் யாராவது கணவரைப் பற்றி விசாரித்தால் "இவர்" என்பாள். வீட்டில் "இஞ்சாருங்கோ". அதற்கு மேல் ஒரு பெயர் அவளுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

தேவைப்பட்டது உதைபந்தாட்டத்தால்.

ரஞ்சினியைத் தெரிந்தவர்களுக்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் தெரியும். லிண்டன்புறூக் கழகத்தின் மைதானத்தில், வலதுபக்க மூலைக்கொடிக்குக் கிட்ட, கம்பியோடு சாய்ந்தபடி ஓர் இடம் இருக்கிறது. சிவப்பு வெள்ளைக் கழுத்துச் சால்வையோடு அவள் அங்கே நிற்பாள். லிண்டன்புறூக் பெரிய கழகம் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் வராது, பத்திரிகையில் வந்தால் நாலு வரி. இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து அடுத்தடுத்த இரண்டு வருடமும் லீக்கில் ஒவ்வொரு படி கீழே விழுந்தபோது பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ரஞ்சினி நிறுத்தவில்லை. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில், கொட்டுகிற மழையில், ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற ஆட்டத்துக்குப் போன ஏழு பேரில் அவளும் ஒருத்தி. அந்த ஒரு கோலைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவாள்.

தொடக்கம் தற்செயலானது. கலியாணமாகி வந்த புதிதில் அவர்களுடைய வீடு மைதானத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் இருந்தது. கணவருக்குத் தளபாடத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். அவளுக்கு மொழி தெரியாது, ஆட்களைத் தெரியாது, ஜன்னலைத் தெரியும். பின்னேரம் மூன்று மணிக்கு எதிரே ஆட்கள் கூடிக் கத்துவார்கள். என்ன சண்டையோ என்று ஒருநாள் பார்க்கப் போனாள். தேநீர்க்கடை நடத்திய ஹைக்கே என்ற பெண், கேட்காமலே ஒரு கோப்பை கோப்பியைக் கையில் தந்து மூலைக்கொடியடியில் இடம் காட்டினாள். அன்றைக்கு நின்ற இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறாள். மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு வசனம் அமைக்கச் சொன்னபோது, மற்றவர்கள் "இது புத்தகம்" என்று திணற, ரஞ்சினி எழும்பி "நடுவருக்குக் கண் தெரியாது" என்று பிழையில்லாத ஜெர்மனில் சொன்னாள்.

கணவர் ஒருபோதும் மைதானத்துக்கு வந்ததில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. ஓவர்டைம் நின்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், "நீர் போட்டு வாரும், சோறு நான் வைக்கிறன்" என்பார். ஜெர்மனித் தமிழர் எல்லாரும் கூடுகிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் வழக்கமாக லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகே வருவதில் ரஞ்சினிக்கு அம்மன்மேல் தனி நன்றி உண்டு. அதை அவள் கோயிலிலேயே சொல்லியிருக்கிறாள்.

மகள் தர்மிகா ஆறு வயதிலிருந்து அதே கழகத்தில் விளையாடுகிறாள். இருபது வயதில், போன இலையுதிர் காலத்தில், பெண்களின் முதல் அணிக்கு ஏறினாள். முதுகில் ஒன்பதாம் இலக்கம், இலக்கத்துக்கு மேலே முருகேசு.

லிண்டன்புறூக்கில் ஒரு வழக்கம் உண்டு. இந்த நாட்டு மைதானங்கள் பலவற்றிலும் உண்டு. நம்மவர் கோல் போட்டால், அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் முதற்பெயரைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் குடும்பப் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை அல்ல, மூன்று முறை. இத்தனை வருடமாக எத்தனையோ பேருடைய குடும்பப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியவள் ரஞ்சினி. ஒக்டோபரில் தர்மிகா முதற்கோல் போட்டாள். அறிவிப்பாளர் ஊவே தன் கரகரத்த குரலில் "தர்மிகா" என்று இழுத்து நிறுத்தினார். கூட்டம் "முருகேசூ" என்றது. கடைசி எழுத்தை நீட்டித்தான் அவர்களுக்கு வரும். ரஞ்சினி வாயைத் திறந்தாள். உதடு கூடியது. சத்தம் வரவில்லை.

மூன்று முறையும் வரவில்லை. அடுத்த கோலுக்கும் வரவில்லை. கைதட்டினாள், துள்ளினாள், ஹைக்கேயைக் கட்டிப்பிடித்தாள். பெயர் மட்டும் வரவில்லை. குளிர்கால விடுமுறைக்குள் தர்மிகா ஏழு கோல் போட்டுவிட்டாள்.

பிறகு பெப்ரவரி வந்தது. கணவர் தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது ரஞ்சினிக்கு வந்த முதல் நினைவு வெட்கப்படத்தக்கது, ஆனால் வந்ததைச் சொல்லத்தானே வேண்டும்: நல்லகாலம், நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதுவரைக்கும் அவளுக்கு அந்த நம்பிக்கையில் அரைவாசிதான் பிடிப்பு. பெப்ரவரிக்குப் பிறகு முழுதாகப் பிடித்துக்கொண்டது.

மே மாதத்தில் ஒருநாள் சமையலறையில் தர்மிகா அவளை மறித்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் ஏன் எனக்கு மட்டும் கத்துறேல்லை?"

"ஆர் சொன்னது? நான் எவ்வளவு கைதட்டுறன்."

"கை தட்டுறீங்கள். வாய் மூடிக் கிடக்கு. ஒவ்வொரு கோலுக்கும் நான் உங்கட மூலையைத்தான் பாக்கிறன். மரியாவுக்குக் கத்துறீங்கள், லேனாவுக்குக் கத்துறீங்கள். நான் வடிவா விளையாடேல்லையோ?"

ரஞ்சினி காரணத்தைச் சொன்னாள். தர்மிகா முதலில் சிரித்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள்.

"அது அப்பான்ர பேர். ஓம். ஆனா அது என்ர பேரும்தானே அம்மா? பள்ளிக்கூடத்தில, வேலையில, எல்லா இடத்திலையும் என்னை அதாலதான் கூப்பிடுறவை. நீங்கள் மட்டும் சொல்லாட்டி எனக்கு எப்பிடி இருக்கும்?"

ரஞ்சினி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். தர்மிகாவுக்கு ஓகஸ்டில் பிறேமன் நகரில் தொழிற்பயிற்சி தொடங்குகிறது. அங்கே வேறு கழகம், வேறு மைதானம், வேறு யாரோ கம்பியில் சாய்ந்து நிற்பார்கள். லிண்டன்புறூக்கில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு ஆட்டம். அந்த ஆட்டத்தில் பிள்ளைக்காக ஒருதரமாவது கத்த வேண்டும் என்று ரஞ்சினியின் மனம் கிடந்து அடித்தது. கத்தினால் இவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயமும் அதே மனத்தில்தான் இருந்தது. யாரிடம் யோசனை கேட்பது? இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் யோசனை கேட்கிற ஆள் அவர்தான். அவரிடம் இதை எப்படிக் கேட்பது?

கடைசி ஞாயிறு வந்தது. ரஞ்சினி சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கணவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"டொக்டர் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவரெல்லே. மைதானம் அவ்வளவு தூரம்தான். பிள்ளையும் போகப்போறாள், ஒருக்காப் பாப்பம்."

எத்தனையோ வருடமாக வராத மனிதர், வராமல் இருந்திருக்க வேண்டிய ஒரே நாளைத் தேர்ந்தெடுத்து வருகிறார். அவர் வீட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் கத்தியிருக்கலாம். இப்போது பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எப்படி?

நூற்றைம்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு அது நல்ல கூட்டம். ஹைக்கே தூரத்திலேயே கண்டு, "ஹெர் முருகேசு! கடைசியில் வந்துவிட்டீர்கள்!" என்று கூவினாள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று ரஞ்சினி பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பி வந்தது. கணவர் கம்பியில் ஒரு கையை வைத்து மகளைத் தேடினார்.

"எங்கட ஆள் எதுக்கு அந்த மூலையில தனிய நிக்கிறாள்? கோவமோ?"

"தனிய இல்லை. மற்றப் பக்கத்து ஆளுக்குப் பின்னால ஓடுறதுக்கு இடம் பாக்கிறாள்."

சற்று நேரத்தில் நடுவர் ஓர் அப்சைட்ஸை, அதுதான் ஓஃப்சைட்டை, தவறவிட்டார். ரஞ்சினி எல்லாவற்றையும் மறந்து கம்பிக்கு மேலால் எட்டி, அந்த நடுவரின் கண்ணையும் அவருடைய கண் வைத்தியரையும் சேர்த்து விசாரித்தாள். கணவர் ஓர் அடி பின்னுக்குப் போய் நின்று மனைவியைப் பார்த்தார்.

"வீட்டில நீர் இப்பிடிக் கத்திறேல்லையே?"

"வீட்டில அப்சைட்ஸ் இல்லைத்தானே."

இடைவேளை வரைக்கும் கோல் இல்லை. ரஞ்சினி வாழ்க்கையில் முதல்தடவையாக, நம்மவர் கோல் போடாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். நினைத்த உடனேயே பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

எழுபதாவது நிமிடத்தில் நடுவிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. தர்மிகா ஓடுகிற ஓட்டத்திலேயே அதை நெஞ்சில் வாங்கி, நிலத்தில் ஒருதரம் படவிட்டு, இடதுகாலால் அடித்தாள். வலை குலுங்கியது. ரஞ்சினி துள்ளினாள். கணவரும் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று விளங்கிக் கையைத் தட்டினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒன்பதாம் இலக்கம், தர்மிகா..."

"முருகேசூ!" என்றது மைதானம்.

கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, வலதுகையை உயர்த்தி, "யா!" என்றார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கூப்பிட்டால் அப்படித்தான் எழும்புவார்.

"தர்மிகா..."

"முருகேசூ!"

கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் இந்தப்பக்கம் பார்த்தார், அந்தப்பக்கம் பார்த்தார். முப்பத்தாறு வருடமாக இந்த நாட்டில் அந்தப் பெயரை அவர் உரத்துக் கேட்டதெல்லாம் அகதி அலுவலகத்திலும் வேலைக் கந்தோரிலும் வைத்தியர் வாசலிலும்தான். கூப்பிட்டால் ஏதாவது கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஏதாவது கெட்ட செய்தி கேட்க வேண்டும். இப்போது நூற்றைம்பது பேர் சந்தோசத்தில் கத்துகிறார்கள். அவருக்கு வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றுவிட்டது.

தர்மிகா தோழிகளிடம் ஓடவில்லை. மூலைக்கொடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி தாயைப் பார்த்தாள்.

ரஞ்சினி கணவரைப் பார்த்தாள். நூற்றைம்பது பேர் இரண்டுதரம் சொல்லிவிட்டார்கள். மனிதர் விழவில்லை. பெப்ரவரிக்குப் பிறகு அந்த முகத்தில் இவ்வளவு இரத்தம் ஓடி அவள் பார்க்கவில்லை.

"தர்மிகா..."

"முருகேசூ!" என்று கூட்டம் மூன்றாம் முறையும் கத்தி முடித்தது. ரஞ்சினி பிந்திவிட்டாள். எல்லாரும் ஓய்ந்த பிறகுதான் அவளுக்குத் தொண்டை திறந்தது.

"முருகேசு!"

தனிக்குரல். கடைசி எழுத்தை நீட்டாமல், யாழ்ப்பாணத்தில் சொல்கிற மாதிரிச் சரியாக. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹைக்கே கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தாள். தர்மிகா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு தோழிகளிடம் திரும்பி ஓடினாள்.

ரஞ்சினி பக்கத்தில் திரும்பினால், கணவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, என்னப்பா? நோகுதே? இஞ்சாருங்கோ, இருங்கோ, இருங்கோ."

"ஒண்டுமில்லை," என்றார். கையை எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "உமக்கு என்ர பேர் தெரியுமோ?"

"தெரியும்." ரஞ்சினிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தொரு வரிசமாத் தெரியும்."

நடுவில் பந்தை வைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். அவர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா, வேறெதையாவது நினைக்கிறாரா என்று ரஞ்சினிக்குத் தெரியவில்லை. பிறகு அவள் பக்கம் சரிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?"

"பதினெட்டு நிமிசம்."

"அப்ப பிள்ளை இன்னொண்டு போட ஏலும்," என்று சொல்லிவிட்டு, கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.