இலைக் கூடை

“...இந்த வரிசையில ஒரு இலையில கூட எலும்பு இல்லையே, அண்ணாச்சி” என்று எங்கள் ஐயர் சொன்னபோது அவர் கையில் எச்சில் இலைக் கூடை இருந்தது. ரச வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்கு, அதை இன்றைக்கு நினைத்தாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

சபைப் போதகரை ஐயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்த புதிது, அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது. சபை முழுவதும் ஆலய வளாகத்தில் பந்தி போட்டுக் கறிச்சோறு சாப்பிடுகிற திருநாள் அது. கறி வாளி யார் கைக்குப் போகிறது என்பதுதான் அதில் பெரிய அரசியல். கரண்டியை ஆழமாக விட்டால் துண்டு வரும், மேலோடு அள்ளினால் சாறு வரும். பூக்கடை வைத்திருந்த சபைச் செயலர் அண்ணாச்சி அந்த வாளியை ஒரு வருடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

வேலை பிரிக்கிற கூட்டத்தில் ஐயர் தனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

“நீங்க முதப் பந்தியில உக்காந்து ஜெபம் பண்ணுங்க ஐயரே, அது போதும்” என்றார் அண்ணாச்சி.

“ஜெபத்துக்கு வாய் போதும்லா. கை ரெண்டும் சும்மாதான இருக்கு. இலை எடுக்கதுக்கு யாரும் பேரு குடுக்கல போலயே.”

“அப்ப அங்கிய யாரு துவைக்கது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டமே சிரித்தது, ஐயரும் சிரித்தார். அசனத்தன்று அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையோடு வந்து நின்றார்.

பணிவு என்றால் மெதுவாகப் பேசுவது, கும்பிட்டுக்கொண்டே நடப்பது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். குனிந்தவர் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்வரிசை இலைகளில் எலும்பு குவிந்து கிடந்தது. சுவரோர வரிசை மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற குடும்பங்களுடையது. அங்கே எல்லா இலையும் வழித்து வைத்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஐயர் அண்ணாச்சியிடம் எலும்பு இல்லையே என்று கேட்டார்.

அந்த வரிசையில் கை கழுவப் போகாமல் நின்ற பெரியம்மா ஒருவர், அண்ணாச்சியை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

“எலும்பு எங்கன இருந்து வரும், ஐயரே? வருசா வருசம் எங்களுக்குச் சாறுலதான ஞானஸ்நானம். அடுத்த வாரத்துல இருந்து நாங்க எங்க ஊர்லயே பாய விரிச்சு ஜெபம் பண்ணிக்கிடுதோம். இங்கன வரதா இல்ல.”

அத்தனை குடும்பங்களும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டுத்தான் அன்றைக்கு வந்திருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அண்ணாச்சி வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். “கறி தீந்துட்டு ஐயரே. இருக்கது பரிமாறுனவங்களுக்குன்னு எடுத்து வச்சதுதான்.”

அந்த ஐயர் மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன அசனத்தில் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும், இலைக் கூடைக்கு அப்படி ஒரு தள்ளுமுள்ளு. வயதாகித் தளர்ந்த அண்ணாச்சி, “விடும்வே, நான்தான் முதல்ல புடிச்சேன்” என்று ஒருபக்கம் இழுக்கிறார். “ஒம்ம இடுப்பு குனியாது அண்ணாச்சி, போய் உக்காரும்” என்று மறுபக்கம் அந்தப் பெரியம்மாவின் மகன் இழுக்கிறான். கறி வாளி கேட்க ஆளில்லாமல் அடுப்படியில் கிடந்தது. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கறி தீர்ந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்ன அன்றைக்கு ஐயர் கூடையை இறக்கி வைத்தார். கையைக் கழுவினார். எங்களுக்கென்று மூடி வைத்திருந்த கறித் தவலையைத் தானே தூக்கிவந்து, சுவரோர வரிசையை மறுபடி உட்காரவைத்து, புது இலை போட்டார். பெரியம்மாவின் இலைக்கு முன்னால் முழங்காலிட்டு, கரண்டியை அடிவரைக்கும் விட்டு அள்ளினார்.