இஸ்திரிக் கறையை நடுவில் வைத்துத் தைத்த விரிப்பு

அந்தச் சேலையை நான் வெட்டியது பழிவாங்கத்தான்.

அம்மா பாத்திரம் கழுவப் போன பெரிய வீட்டில், வீட்டுக்காரி ஒரு தீபாவளிக்குக் கொடுத்த சேலை அது. அரக்கு நிறச் சுங்குடி. உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. முந்தானையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்குப் பட்டுக் கருகிய கறை ஒன்று. அம்மா கறையை மடிப்புக்குள் ஒளித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பந்தியில் நானும் பக்கத்தில் இருந்தேன், எட்டாவது படிக்கிற வயது. சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்த அந்த வீட்டுக்காரி எங்கள் இலைக்கு நேரே நின்றாள்.

“ஏண்டி, இது என் சேலையில்ல? நல்லாத்தான் இருக்கு ஒனக்கு. சுட்ட எடம் எங்க, மறைச்சிட்டியா?”

அம்மாவின் கை சோற்றில் இருந்தது. வீட்டுக்காரியே அம்மாவின் முந்தானையை இழுத்து விரித்து எதிர் வரிசைக்குக் காட்டினாள். “இந்தா பாருங்க, நான்தான் சுட்டேன்!” எதிர் வரிசை சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் நான் மறக்கவில்லை.

அப்புறம் அம்மா அதைக் கட்டவேயில்லை. எங்கள் ஒற்றை அறையின் குறுக்கே திரையாகத் தொங்கவிட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திரைக்குப் பின்னால்தான் படித்தேன். தலை நிமிர்ந்தால் கறை.

துணி வடிவமைப்புப் படித்து முடித்து, கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் மிஷின் போட்டு, ஒட்டுத்துணி விரிப்புகள் தைக்க ஆரம்பித்தேன். போன வருடம் ஒரு பெண் கட்டைப்பை நிறையப் பழைய பருத்தித் துணிகளோடு வந்தார்.

“புள்ளைக்கு விரிப்பு வேணுங்க. எல்லாம் எங்க வீட்டுல உடுத்துனது. டிசைன் ஒங்க இஷ்டம்.”

விலாசம் சொன்னபோதுதான் தெரிந்தது, அதே வீட்டு மருமகள். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

“கண்டிப்பாச் செஞ்சு தாரேங்க” என்றேன்.

நான் தாளில் வரைவதில்லை. துண்டுகளைத் தரையில் பரப்பி, நாற்காலிமேல் ஏறி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். நிறம் போய் வெளிறலும் அடர்த்தியும் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து இடம் மாற்றுவேன். இந்த முறை நடுவில் என்ன வரும் என்பதில் மட்டும் யோசனையே இல்லை. வீட்டுக்குப் போய்த் திரையைக் கழற்றினேன்.

“எதுக்குடா அது?” என்றாள் அம்மா.

“வேலைக்கு.”

கறையைச் சதுரமாக வெட்டினேன். கருகிய துணி இற்றுப்போகும். அடியில் மல் துணி கொடுத்து, மேலே பழுப்பு நூலில் ஒரு நரம்பு ஓட்டினேன். காய்ந்த இலை மாதிரி ஆகிவிட்டது. அதைச் சுற்றிப் பட்டைப் பட்டையாக, இரண்டு பக்கம் வெளிறல், இரண்டு பக்கம் அடர்த்தி. வெயில் பட்ட ஓரம் வெளுத்தும், மடிப்புக்குள் கிடந்த இடம் பழைய அரக்காகவும் இருந்ததால் இரண்டும் அந்தச் சேலையிலேயே கிடைத்தன. மற்றக் கட்டங்களின் மையத்தில் ஒவ்வொரு மஞ்சள் புள்ளி, ஊசி குத்திப் பார்த்து வெட்டியது. பெரிய வீட்டு வேட்டி, சட்டை, புடவை எல்லாம் ஓரத்துக்குப் போயின. அவற்றை ஓரத்துக்குத் தள்ளும்போது எனக்கு விசில் வந்தது.

பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று விரிப்பைக் கொண்டுபோனேன். மருமகள் உள்ளே கூப்பிட்டார். வீட்டுக்காரி அதை வாங்கிச் சம்பந்திகள் முன்னால் விரித்தாள்.

“எல்லாம் எங்க வீட்டுத் துணி, பாத்துக்கங்க!” அவள் விரல் நேரே நடுவுக்குப் போனது. “இந்த எலைதான் அழகே. எப்படித் தம்பி போட்டீங்க? பிரிண்டா?”

“நான் போடலைங்க. நீங்க போட்டது.”

“நானா?”

“இஸ்திரி வச்சுச் சுட்டீங்கள்ல. பந்தியில எங்கம்மா முந்தானைய விரிச்சுக் காட்டுனீங்களே, அந்தச் சேலைங்க இது.”

நான் மெதுவாகப் பேசுகிறவன். அன்று மெதுவாகப் பேசவில்லை.

அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோய், கீழுதடு மட்டும் ஆடியது. சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர், “யாரு சேலைங்கிறாக? பந்தியில என்ன பண்ணுனாக?” என்று பக்கத்தில் இருந்தவரை விடாமல் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கிழவருக்குக் காது மந்தம் போல. இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரி விரிப்பைச் சுருட்டப் பார்த்தாள். மருமகள் அதைப் பிடுங்கித் தரையில் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார். “நல்லாத்தான் இருக்கு, விடுங்கத்தே.”

சாப்பிடாமல் வந்துவிட்டேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“ஆளுக நெறைய இருந்தாகளா?”

“வீடு கொள்ளாம.”

“அவ மூஞ்சி எப்படிப் போச்சு?”

சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, கீழுதட்டை ஆட்டிக் காட்டினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தோசை கருகுகிற வாசம் வந்தது.

“இன்னொருக்கா காட்டு” என்றாள்.