திருப்பிச் சொன்னால் போதும்

வெங்கடநாராயணன் சார் காப்பிப்பொடி பாக்கெட்டை மேஜைமேல் போட்ட வேகத்தில் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிக்கரி வேண்டாம், சிக்கரி வேண்டாம்னு வருஷக்கணக்கா சொல்றேன். வீட்டுல பிரிச்சா அதே வாசனை. பட்டாபி, உங்க ஆளுக்குக் காது போயிடுத்தா, மூக்கு போயிடுத்தா?"

காதும் மூக்கும் இருந்தன. மனசுதான் கடையில் இல்லை. என் வீட்டுக்காரி அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாரம் முடிவதற்குள் நான் செய்த இரண்டாவது தப்பு அது. முதல் தப்பு நடந்த அன்றே, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடு என்று முதலாளி பட்டாபிராமன் சொல்லியிருந்தார். அவர் கல்லாவை விட்டு எழுந்தார்.

அப்பளக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா குறுக்கே பேசினார். "சார், அது என்னோடது. காலைல நான்தான் சிக்கரி சேர்த்து அரைக்கச் சொல்லிட்டுப் போனேன். பாக்கெட் மாறிப் போயிருக்கு போல."

அரைக் கிலோவுக்குக் காசைக் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டார். முருகன் அறிய, அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே கிடையாது.

அவர் பெயர் வசந்தி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். எங்கள் கடை இருந்த லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். யூனிவர்சிட்டியில் பாடம் எடுத்தார். ஆனால் நிரந்தர வேலை இல்லை, எடுத்த வகுப்புக்கு மட்டும் சம்பளம். கடைசியில் கணக்குப் பார்த்தால் அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தது.

ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வழிகாட்டி என்று கையெழுத்துப் போடுகிறவர் துறைத்தலைவர். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒன்றும் புரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு எதைப் பற்றி எழுதப் போகிறோம் என்று விளங்க வைக்க வேண்டுமே. அந்த நாலைந்து மாதப் பாடு வசந்தி அம்மாவுக்கு.

அவர் முதலில் தலைப்பைக் கேட்க மாட்டார். ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்வார். இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது மட்டும். வலது பக்கத்தில், அதைப் பார்த்ததும் எழுந்த கேள்வி. மூன்று வாரத்துக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது. 'ஏனென்றால்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு அடி அடித்துவிடுவார். காரணம் சொல்ல வயசாகவில்லை என்பாராம்.

அதெல்லாம் முடிந்தபின் பிள்ளையை எங்கள் காப்பிக் கடைக்கு அனுப்புவார். இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கேட்க வந்த அன்று நான் பயந்துபோனேன்.

"நான் அஞ்சாம் கிளாஸும்மா. அதையும் முழுசா முடிக்கல."

"அதனாலதான் வந்தேன் அண்ணாச்சி. எங்க ஆளுங்ககிட்டச் சொன்னா, புரியலைன்னாலும் தலையாட்டுவாங்க. நீங்க ஆட்ட மாட்டீங்க."

"பதில் கிதில் கேட்டா நான் எங்க போவேன்?"

"பதில் சொல்லவே கூடாது. அவங்க நாலு வரியில சொல்லணும். நீங்க அதை உங்க வார்த்தையில திருப்பிச் சொன்னா போதும். உங்க வேலை அவ்வளவுதான்."

முதலில் வந்தவன் நரேன். மூக்குக்கண்ணாடி போட்ட பையன். அரவை மெஷினை நிறுத்தச் சொல்லி, மூச்சுவிடாமல் ஏதோ ஒப்பித்தான். வசந்தி அம்மா அப்பள டப்பா பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கல்கத்தான்னு நடுவுல ஒரு தடவை சொன்னீங்க. அது மட்டும் புரிஞ்சுது."

வசந்தி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா? உன் சப்ஜெக்ட்ல கல்கத்தா மட்டும்தான் இருக்கு. போ, இன்னும் ரெண்டு வாரம் சுத்திட்டு வா."

அவன் நாலு தடவை வந்தான். நாலாவது தடவை நான் திருப்பிச் சொன்னபோது, தன் பொருளைத் தானே முதல்முறை பார்ப்பவன்போல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் வருஷா வருஷம் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோருக்கும் நான் 'காகு' ஆனேன், வங்காளத்தில் சித்தப்பா. முதலாளி முதலில் முறைத்தார். பிறகு வருகிற பிள்ளைகளுக்கு முறுக்கு விற்க ஆரம்பித்தார்.

காலையில் மெஷினுக்குச் சூடம் காட்டும்போது நான் கும்பிடுகிற பிரார்த்தனையில் ஒரு வரி கூடிப்போனது. வருகிற பிள்ளைக்கு நல்ல கேள்வி கிடைக்க வேண்டும் என்று.

கொரோனாவெல்லாம் முடிந்து வகுப்புகள் திறந்தபின் வந்தவள் அக்ஷரா. சால்ட் லேக்கில் வீடு, அப்பா பேங்க் அதிகாரி, தமிழ்க் குடும்பம்தான்.

"காகு, என் தமிழைக் கேட்டா சிரிப்பீங்க. பாங்லால சொல்லட்டா?"

"எதுல வேணா சொல்லு தாயி. புரியலன்னா எதுலயும் புரியாது."

ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள்.

"அப்ப நானுந்தான் ஊர் விட்டு வந்தவன். என்னப் பத்தி என்ன தெரியணும் உனக்கு?"

முழித்தாள். அழுகைகூட வந்துவிட்டது. வசந்தி அம்மா மறு சனிக்கிழமையே அவளைச் சாந்த்ராகாச்சிக்குக் கூட்டிப்போனார். ரயில் யார்டை ஒட்டி, ஊர் விட்டு வந்த ரயில்வேக்காரர்கள் இருக்கும் குடியிருப்பில், நாலு சனிக்கிழமை, வீடு வீடாக. அவள் நோட்டைப் பிறகு எனக்குக் காட்டினாள். இடது பக்கத்தில், மதியம் மூணு மணிக்கு ஒரு வீட்டில் சோறு வடிக்கிறார்கள், அடுத்த வீட்டில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள், என்று இருந்தது. வலது பக்கத்தில், இந்த வீட்டுக் கடிகாரம் யார் கையில், என்று.

ஐந்தாவது தடவை அவள் சொல்லி முடித்ததும் நான் திருப்பிச் சொன்னேன்.

"அதாவது, வண்டி வேலைக்காரனுக்கு டூட்டி மாறுது. டூட்டி மாறினா வீட்டுல அடுப்பு நேரம் மாறுது. அந்த நேரத்த மாத்துறது ரயில்வேயா, அடுப்புகிட்ட நிக்குற பொம்பளையா? இதத்தானே கேக்குத?"

வசந்தி அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அக்ஷரா, எழுதிக்கோ. அப்படியே எழுதிக்கோ."

அவர் முகம் அவ்வளவு மலர்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இந்த அக்ஷரா சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஒருநாள் டீச்சரம்மாவுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "மேடமா? காபி வாசனையே ஒத்துக்காது காகு அவங்களுக்கு. லிகர் சா மட்டும்தான்," என்றாள். பால் விடாத தேநீர். எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிப்போன அந்த அரைக் கிலோ சிக்கரிக் காப்பியை அவர் என்ன செய்தாரோ.

அந்த வருஷம் துறையில் ஒரு நிரந்தர இடம் விழுந்தது. வயசு வரம்புப்படி வசந்தி அம்மா மனுப் போட அதுதான் கடைசி வருஷம். ஆனால் ஒரு ஆராய்ச்சிக்காவது வழிகாட்டியிருந்ததற்குக் காகிதம் வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஆரம்பித்து விட்டவருக்கு ஒரு காகிதத்திலும் பெயர் இல்லை. பிள்ளைகள் பதிவு செய்கிற படிவத்தில் துணை வழிகாட்டி என்று இரண்டாவதாக ஒரு கோடு இருக்குமாம். மாணவர் கேட்டு எழுதினால் அதில் ஒரு பெயர் ஏறும். எல்லோரும் அதைக் காலியாக விட்டுத்தான் பழக்கம்.

அக்ஷரா எங்கள் கடையில் வைத்துத்தான் சொன்னாள். "மேடம், நான் உங்க பேரை எழுதறேன். பிராமிஸ். காகு சாட்சி."

வசந்தி அம்மா அன்று அப்பளம் வாங்க மறந்துவிட்டுப் போனார். நான் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அக்ஷரா தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. பெரிய சார் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். "ரெண்டு பேர் எதுக்கும்மா, ஒண்ணு போதாதா? உன் ஃபெல்லோஷிப் ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. மெதுவா போகணுமா, சீக்கிரம் போகணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

"காகு, நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க."

நான் அப்போதுதான் சாமிக்குப் பூப்போட்டுவிட்டு வந்திருந்தேன். அழுகிற பிள்ளை முன்னால் நின்றால் மனம் இளகிவிடுகிறது.

"பெரிய மனுசங்களைப் பகைச்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற தாயி? டீச்சரம்மா நல்ல மனசுக்காரங்க. தாங்கிக்கிடுவாங்க. நீ உன் வழியப் பாரு."

"மேடம் தப்பா நினைக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க," என்றேன். என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

அந்தக் கோடு காலியாகவே போனது. பிள்ளைகள் தங்கள் ஆய்வைச் சபையில் எடுத்துச் சொல்கிற நாளில் என்ன நடந்தது என்று, அதே துறையில் இன்னும் ஆய்வை முடிக்காமல் இருந்த நரேன் வந்து சொன்னான். வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா, இவ்வளவு நல்ல கேள்வி எப்படிக் கிடைத்தது என்று அக்ஷராவைக் கேட்டிருக்கிறார். "சாரோட கைடன்ஸ்," என்றாளாம். பெரிய சார் எழுந்து, நேரத்தை மாற்றுவது ரயில்வேயா, அடுப்படியில் நிற்கும் பெண்ணா என்பதுதான் நான் இவளிடம் முதலில் எழுப்பிய கேள்வி என்று இங்கிலீஷில் விளக்கினாராம். கை தட்டினார்களாம்.

"டீச்சரம்மா?"

"கடைசி வரிசையில இருந்தாங்க காகு. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கறதும் மூடறதுமா."

"நீ எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நரேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என் ஃபைலும் அதே மேஜைலதான் இருக்கு காகு."

யாரோ ஒருவனுடைய தப்பை 'என்னோடது' என்று வாங்கிப்போனவர், தன்னுடையது கண்முன்னால் கைமாறும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்ஷரா சபையில் பொய்க்காரி ஆகியிருப்பாள். அதற்காகத்தான் இருக்கும். நான் அவரை அறிந்தவரையில் வேறு காரணம் தோன்றவில்லை.

அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அடுத்த பருவத்தில் அவருக்கு வகுப்பே கொடுக்கவில்லை. அவர் கடைக்கு வருவதும் குறைந்தது. வந்தால் அப்பளத்தை வாங்கிக்கொண்டு, உங்க வீட்டுல சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போவார். அக்ஷராவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அக்ஷரா ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புடன் வந்தாள், ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டதாம். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் காகு," என்று காலைத் தொட்டாள். நான் தலையில் கை வைத்தேன், வைக்காமல் எப்படி இருப்பது. ஆனால் அந்தப் பெட்டியை முருகன் படத்துக்கு முன்னால் வைக்க எனக்குக் கை வரவில்லை. முதலாளி இரண்டு தின்றார். மீதி எறும்புக்குப் போயிற்று.

கடைசியாக வசந்தி அம்மா வந்தது ஒரு மத்தியானம். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலையாம். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் பணம் கட்டிவிட்டு ஒரு தலைப்பை அனுப்புவார்களாம், இவர்கள் ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஒரு நாளைக்கு நாலு எழுதணும் அண்ணாச்சி. யாரும் எங்கயும் போய் எதையும் பார்க்க வேண்டாம். நோட்டுல இடது பக்கமே கிடையாது." சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. "அங்கயே பக்கத்துல ரூம் பார்த்துட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அப்பளக் கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்ஷரா வந்ததையும், அழுததையும், நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்க தாங்கிக்கிடுவீங்கன்னு சொன்னவன் நான்தான்மா, என்றேன். அவ பயந்த பிள்ள, வேற ஒண்ணும் இல்ல, என்றேன்.

அவர் பையை மறுபடியும் தோளில் சரிசெய்துகொண்டார். முதல் நாள் பார்க்காமல் போன என் முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எத்தனை பிள்ளைங்க வந்து நின்னாங்க. அத்தனை பேருக்கும் திருப்பித்தானே சொன்னீங்க அண்ணாச்சி? அவளுக்கு மட்டும் ஏன் பதில் சொன்னீங்க?"