தொட்டில் ஓட்டிய வீட்டு வண்டி

டிப்போவில் அவருக்குத் தொட்டில் என்று பெயர். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் அயர்ந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, கண்டக்டரிடம் சண்டைக்கு வருவார்கள். "உன்னால நான் தினமும் திட்டு வாங்கறேன், கொஞ்சம் குலுக்கித்தான் ஓட்டேன்யா" என்று கண்டக்டர் அலுத்துக்கொள்வார். தொட்டில் சிரிப்பதோடு சரி. அவருக்கு வேகமாக ஓட்டத் தெரியாது என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டலடித்ததை ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்ட நிதானசாலிக்கு, கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிதானத்தை அப்பாவிடமே விட்டுவிட்டு வந்த குழந்தை. மூன்றரை வயதுக்குள் அவள் ஏறாத அலமாரி கிடையாது, கழற்றாத மூடி கிடையாது. வைத்த பெயர் பள்ளியில் சேர்க்கும்போது உதவும் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, வாலு என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு பள்ளிக்கூடம் ஓட்டிக் கழித்துப்போட்ட பழைய வேன் ஒன்றைத் தொட்டில் வாங்கி, ஒன்றரை வருடம் லீவு நாளெல்லாம் அதனடியிலேயே படுத்துக் கிடந்தார். கடைசியில் அது வீட்டு வண்டியாக எழுந்து நின்றது. பின்பக்கம் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குனிந்துதான் நுழைய வேண்டிய ஒரு கழிப்பறை. ஓட்டுநர் தலைக்கு மேலே, சின்ன ஜன்னலோடு, பரண் மாதிரி ஒரு படுக்கை. அது ராத்திரி தூங்குவதற்கு மட்டும் என்பது சட்டம். வாலுவின் இருக்கையைத் தரையைத் துளைத்து, அடியில் இரும்புத் தகடு வைத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். முறுக்கிய பிறகு அவரே அதில் தொங்கிப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அனுப்புகிறவள். கிளம்புவதற்கு முன் அவள் குழந்தையின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அதே குரலில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். "கேஸ் மூடியாச்சா? அலமாரிக் கொக்கி? கத்திப் பெட்டி? வாலு பெல்ட்?" எல்லாவற்றுக்கும் ஆச்சு வந்த பிறகுதான் "ரைட்" என்பாள். பேருந்தில் ரைட் கேட்டுவிட்டால் தொட்டில் திரும்பிப் பார்க்க மாட்டார். முன்னால் இருப்பது அவர் பாடு, பின்னால் இருப்பது கண்டக்டர் பாடு. பத்தொன்பது வருடப் பழக்கம், வீட்டு வண்டிக்கும் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் வெளியூர்ப் பயணம் அது. இரண்டாம் நாள் வாலு ரைட்டைத் தானே சொல்ல வேண்டும் என்று அடம் பிடித்தாள். சொல்லட்டுமே என்று விட்டார்கள். இந்த இடத்தில்தான் இருவரும் கோட்டை விட்டார்கள். ரைட் என்பது ஒரு வேலை என்பதை மறந்து அதைக் குழந்தைக்கு மிட்டாய் மாதிரிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, மலைச்சரிவில் வண்டிகள் தங்கும் மைதானம். எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் தொட்டில் கீழே இறங்கி, நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாலு, முயல் பொம்மை பரணில் இருக்கிறது என்று ஒரே அழுகை. தண்ணீர்க் குழாய் வெளியே இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. மனைவி பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையைப் பரணில் ஏற்றிவிட்டு, "எடுத்துட்டு அங்கேயே உக்காரு, அம்மா இதோ வந்துடறேன்" என்று இறங்கினாள். குழந்தை ஓடிவிடக் கூடாதே என்று பக்கக் கதவையும் சாத்தினாள். தொட்டிலின் காதில் விழுந்தது கதவுச் சத்தம் மட்டும். மனைவி எல்லாம் சரிபார்த்துவிட்டு ஏறிவிட்டாள் என்று நினைத்துத் தன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"ரைட்!" என்றது பிஞ்சுக் குரல்.

தொட்டில் முகமெல்லாம் சிரிப்பாகக் கிளப்பிக்கொண்டு போனார். மைதானத்தைத் தாண்டியதும் சாலை ஒரே இறக்கம். இரண்டு வளைவு தாண்டியிருப்பார்.

"அப்பா, மேலேருந்து ரோடு நல்லாத் தெரியுது!"

குரல் அவர் உச்சந்தலைக்கு மேலிருந்து வந்தது. நடுக் கண்ணாடியில் பார்த்தார். போல்ட் போட்ட இருக்கை காலி. பக்கத்து இருக்கை காலி. பரணின் விளிம்பில் இரண்டு குட்டிப் பாதங்கள் தொங்கிக்கொண்டு ஆடின.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அதை அந்தரத்திலேயே நிறுத்தினார். ஓங்கி மிதித்தால் குழந்தை பரணுக்குள் முன்பக்கம் போய் மண்டையை மோதிக்கொள்வாள். மிதிக்காமல் வளைவில் விட்டால் பரணிலிருந்து உருண்டு, ஆளுயரத்திலிருந்து வண்டித் தரையில் விழுவாள். பின்னால் ஒரு சரக்கு லாரி, வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"வாலு, காலை மேல தூக்கிக்கோ. மெத்தையில குப்புறப் படு. யாரு ரொம்ப நேரம் அசையாம இருக்காங்கன்னு பாப்போமா?" அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"முயலும் ஆட்டத்துல உண்டா?"

"உண்டு, உண்டு. படுத்துக்கோ கண்ணு."

பாதங்கள் மறைந்தன. நான்கு விளக்கையும் மின்னவிட்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மூன்றாவது கியருக்கு இறக்கினார். எஞ்சின் முனகியது. அடுத்த வளைவில் ஸ்டியரிங்கைப் பால் நிறைந்த பாத்திரத்தைத் திருப்புகிற மாதிரித் திருப்பினார். இரண்டாவது கியர். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனான். போகட்டும், மகராசன். இடப்பக்கம் சாலை போடக் கொட்டிய ஜல்லிக் குவியலும் அதையொட்டிக் கொஞ்சம் சமதரையும் தெரிந்தன.

"அசையவே இல்லப்பா நான்!" என்று கத்தினாள் வாலு. "முயல்தான் அசையுது!"

"முயலையும் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

பிரேக்கை விரலால் பூவைத் தொடுவது போலத் தொட்டார். மறுபடி தொட்டார். வண்டி சமதரைக்கு ஒதுங்கி, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது. கைப் பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்னால் தாவினார். வாலு மெத்தையில் முயலைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தாள்.

"யாரு ஜெயிச்சா?"

"நீதான்" என்றார். அவளைத் தூக்கி இறக்கினார். போல்ட் போட்ட இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினார். ஓடாத வண்டியில் எதற்குப் பெல்ட் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவிக்குப் போன் அடித்தார். அது உள்ளேயே, அடுப்பு மேடையில், பாட்டுப் பாடியது.

படியில் உட்கார்ந்து காத்திருந்தார். என்ன சொல்வது? குழந்தை இருக்கையில்தான் இருந்தாள் என்று சொல்லிவிடலாம். வாலு போட்டுக் கொடுக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. அதற்காக மட்டுமல்ல, அவருக்கே அப்படிச் சொல்ல நா எழாது என்று தெரிந்தது.

கால் மணி நேரத்தில் மனைவி வளைவில் தெரிந்தாள். செருப்பு இல்லை. முழங்காலில் எங்கோ விழுந்த சிராய்ப்பு. அவரைத் தாண்டி உள்ளே ஏறி, குழந்தையின் தலை, கை, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள். வாலுவுக்குக் கிச்சுகிச்சு மூட்டியது போலிருக்க, கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"அவ மேல இருந்தா. பெல்ட் போடல. நான் திரும்பிப் பாக்காமயே எடுத்துட்டேன்" என்றார் தொட்டில்.

"தெரியும். நான்தான் ஏத்திவிட்டேன்."

அவள் வந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் வாங்கியது.

"கத்தினேன். உங்களுக்குக் கேக்கல. அப்புறம் கத்தறதை விட்டுட்டேன்."

"ஏன்?"

"கத்தினா பிரேக் சத்தம் கேக்காதே. நீங்க ஓங்கி மிதிக்கற கிறீச் இப்ப வரும், இப்ப வரும்னு பயந்து ஒவ்வொரு வளைவுலயும் காதைக் கொடுத்துக்கிட்டே ஓடி வந்தேன்." அவள் அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் வரவே இல்லீங்க."

தொட்டில் வாய்விட்டு அழுதார்.