வெள்ளை எலிகள் வந்த மத்தியானம்

நம்பினால் நம்புங்கள். 1986 ஏப்ரலில், செஞ்சியில், பட்டப்பகலில் நடந்தது இது. பார்த்தவள் பேய் பிசாசை நம்பாதவள். பெயர் கமர் ஜஹான். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளை எலிகளை வைத்து மூட்டுவாத ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

அவள் தங்கை அசீசுன்னிசாவுக்கும் அதே நோய். விரல்கள் கோணி, முட்டி வீங்கி, நாலு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தாள். ரத்தத்தில் கிருமிகளை விரட்ட வேண்டிய டி செல்கள் சொந்த மூட்டுகளையே தாக்குகின்றன. நொண்டி எலியிடமிருந்து அந்தச் செல்களை எடுத்து நல்ல எலிக்கு ஊசி போட்டால், அதுவும் நொண்டும். கமர் கண்ணால் பார்த்திருக்கிறாள். தடுக்கத்தான் வழி தெரியவில்லை.

தங்கையைப் பார்க்க லீவில் செஞ்சிக்கு வந்திருந்தாள். அன்று கரண்ட் இல்லை. வெளியே கோட்டை மலை ராஜகிரியின் பாறை வெயிலில் கொதித்தது. தங்கைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சர... சர...

கட்டிலுக்கு அடியில்.

"அக்கா, எலி வந்திருக்குது. வெள்ளையா."

கமர் குனிந்து பார்த்தாள். சிமென்ட் தரை மட்டும்தான்.

"இன்னா ஓட்டம் ஓடுதுங்க பாரு... என்மேல ஏறுதுங்கக்கா."

ஒன்றும் தெரியவில்லை. ஆனால் போர்வை அசைந்தது. சின்னச் சின்னதாய்... முட்டியிலிருந்து தோள்வரை.

"அசீசு! இன்னாடி பண்ணுது?"

"வலி போவுதுக்கா."

அசீசு எழுந்து உட்கார்ந்தாள். கோணிய விரல்கள் நீண்டன. தானே சீப்பெடுத்துத் தலை வாரினாள். வாசல்வரை நடந்துபோய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தாள். கமருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மருந்து கண்டுபுடிச்சிட்டியாக்கா?"

கமர் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது அசீசு படுத்தாள்.

கமர் கூப்பிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள்.

கையைத் தொட்டாள்.

ஜில்லென்று...

மறுநாள் அடக்கம் முடிந்ததும், லீவை நீட்டச் சொல்லிப் போஸ்ட் ஆபீசிலிருந்து சென்னைக்கு டிரங்க் கால் போட்டாள். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ராஜாங்கம் எடுத்தார். குரல் சரியில்லை.

"நானே தந்தி குடுக்க இருந்தேம்மா. ஒப்பிட்டுப் பாக்கத் தனிக் கூண்டுல வச்சிருந்தமே, ஒரு ஊசியும் போடாத நல்ல எலிங்க... நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணுகூட நடக்கல. எல்லாத்துக்கும் பாதம் வீங்கிப்போச்சு."

கமர் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். கம்பியில் இரைச்சல்.

"டாக்டர் அதுங்க ரத்தத்தை எடுத்துப் பாத்தாரும்மா. அதுல இருக்கிற டி செல்லு... எலியோடது இல்லியாம். மனுசங்களோடதாம்."