அண்ணையின் தலையில் ஒலிவ் எண்ணெய்

என் அண்ணையின் கலியாணம் ஒரு வருடமாக ஒரே சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் பொம்பிளைக்குச் சம்மதம். எங்கள் வீட்டிலும் சம்மதம். பொம்பிளையின் தாயைக் கேட்டால் மட்டும் "பாப்பம்" என்பார். பொடியன் வாய் திறக்கிறானில்லை, என் பிள்ளை இவனோடு எதைக் கதைக்கும் என்பது அந்த அன்ரியின் கவலை. எங்கள் வீட்டில் உள்ள கதையெல்லாம் நானே கதைத்து முடித்துவிடுவதால் அண்ணைக்கு மிச்சம் எதுவும் கிடைத்ததில்லை.

லூயிஷாம் கோவில் ஆட்கள் லண்டனிலிருந்து ஸ்பெயினுக்குச் சுற்றுலா போட்டபோது, அன்ரியும் வருகிறார் என்று அறிந்து அம்மா எங்கள் இருவரையும் அனுப்பினார். அண்ணை நல்ல பெயர் எடுக்கவேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும்.

இரண்டாம் நாள் பஸ் ஒரு மலையடிவாரப் பண்ணையில் நின்றது. ஒரு காலத்தில் யாரோ பெரிய முதலாளி குடும்பம் வாழ்ந்த வீடு. இப்போது ஒலிவ் எண்ணெய் மியூசியம். கீழ்த்தளத்தில் கழுதை சுற்றிய கல் ஆலை, நிலத்தில் கழுத்துவரை புதைத்த சாடிகள். ஆலையைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இது எங்கடை செக்குத்தானே. இதைப் பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்றார் ஒரு ஐயா.

"ஐயா, இதிலை கழுதை சுத்தினது. நாங்கள் ரிக்கெட் வாங்கிச் சுத்திறம்" என்றேன். அண்ணை என் காலை மிதித்தார்.

கடைசியில் எண்ணெய் ருசி பார்க்கும் அறை. வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு சின்ன நீலக் கண்ணாடிக் கிண்ணம் தந்து, கையில் பொத்திச் சூடாக்கி, காற்றோடு சேர்த்து உறிஞ்சச் சொன்னாள். நான் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். யார் கேட்டார்கள்? எண்ணெயைக் கண்ட கை சும்மா இருக்குமா? ஒரு மாமி முழங்காலில் தேய்த்தார். இன்னொருவர் நரைத்த வகிட்டில் வைத்தார். அன்ரி ஐந்து விரலையும் தோய்த்து, உரசி, மணந்து பார்த்து, "நல்லெண்ணெய்க்குக் கிட்டவும் வராது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அண்ணை மட்டுந்தான் சொன்னபடி உறிஞ்சினார். அன்ரி பார்க்கிறார் என்று முழுதையும் ஒரே இழுப்பாக இழுத்தார். புரைக்கேறியது. முகம் சிவந்து, கண்ணீர் வழிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். வழிகாட்டிக்குச் சந்தோஷம். இருமல் வந்தால் நல்ல எண்ணெயாம்.

"ரெய்னர்ஸ் லேனிலை ஆரோ நினைக்கினம்" என்றேன் நான்.

அன்ரி ஓடிவந்து, "பொறு மோனை, பொறு" என்று அண்ணையின் உச்சியில் தட்டினார். புரைக்கேறினால் எங்கள் தாய்மார் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஐந்து விரலிலும் எண்ணெய். அது அண்ணையின் நெற்றிவரை வழிந்தது.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையை முழுகவைக்கும் முன் பெரியவர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். அங்கிருந்த எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். எல்லோரும் அண்ணையின் நெற்றியையே பார்த்தார்கள். அம்மா சொன்னதை நான் எவ்வளவு நேரந்தான் காப்பாற்றுவது?

"அன்ரி, மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைச்சாச்சு. இனி மற்ற ஆக்கள் வரலாமோ?"

அண்ணையின் இருமல்கூட நின்றுவிட்டது. அன்ரி தன் கையைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் கதைக்கப் பழகிறன் அன்ரி" என்றார். ஒரு வருடத்தில் அன்ரியிடம் அவர் சொன்ன முதல் முழு வசனம்.

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உவன்ரை வாயிலை பாதி உமக்கு இருந்திருக்கலாம்" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார். "இதிலை இரும். வைக்கிறதை ஒழுங்கா வைப்பம்."

மாமிமார் கிண்ணங்களோடு வரிசையில் நின்றார்கள். வழிகாட்டி என்னிடம், இது உங்கள் நாட்டில் ருசி பார்க்கும் முறையா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் இன்னொரு போத்தலைத் திறந்தாள்.

"மோளுக்குப் போன் அடிச்சுத் தாரும்" என்றார் அன்ரி. அண்ணை போனை எடுத்தார். அது நெற்றி எண்ணெயைத் துடைத்த அவர் விரல்களில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.